வாவியின் நாதமும் ஒலிநூலும்

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் பாசிக்குடா என்னும் விரிகுடா அமைந்துள்ளது. அலையடங்கிய ஆழமற்ற நீர் அது. கரையிலிருந்து நெடுந்தூரம் இடுப்பளவு நீரில் நடந்தே செல்லலாம். இத்தகைய வெப்பக் கடல்களில், பவளப் பாறைகளை அடுத்து நீராடுவோர் தலையை நீருள் அமிழ்த்தினால், காய்ந்த சுள்ளி எரியும்போது எழுவது போன்ற படபடவென்னும் ஓசை செவியில் விழும். இறால் இனத்தைச் சேர்ந்த ஒரு சிற்றுயிர் தன் கொடுக்கை விரைந்து மூடுவதனால் எழும் ஓசை அது. தலையை வெளியே எடுத்தால் அவ்வோசை மறைந்துவிடும். காற்றும் அலையுமே கேட்கும். மீண்டும் அமிழ்த்தினால் மீண்டும் கேட்கும். நீருக்குள் எழும் ஓசை நீரின் மேற்பரப்போடு நின்றுவிடுவது ஏன்?

இவ்வினாவின் விடையை நாடுவோர் அயல்நாட்டு ஆய்வுகூடங்களுக்குச் செல்லுமுன் மட்டக்களப்பு வாவிக்குச் செல்லலாம். கடற்கரையை ஒட்டி ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் அவ்வாவியினாலேயே அந்நாட்டுக்கு 'மீன்பாடும் தேனாடு' என்னும் பெயர் வாய்த்தது. நிலவு பொழியும் இரவில், காற்று ஓய்ந்த வேளையில், கல்லடியை அடுத்த நீர்ப்பரப்பில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் ஊன்றி, மறு நுனியைச் செவியோடு பொருத்திக் கேட்பது அங்குள்ளோர் வழக்கம். வெறுஞ் செவிக்கு எட்டாத நாதமும் துடுப்பின் வழியே எட்டும். ஏட்டுக் கல்வி இல்லாத மீனவன் கையில் இருந்த அத்துடுப்பு ஒரு பௌதிகக் கருவியேயாகும்.

இந்நாதத்தை ஆராயும் நோக்கோடு அணுகி எழுதிவைத்தோருள் முன்னோடியாக எண்ணத்தக்கவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்தவர் அவர். 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தபோது, வாவியின் அடியிலிருந்து இசை எழுவதாகக் கேள்வியுற்றார். அது மீனின் ஒலி என்று பலர் கூறினர். மீனவரோ அதனை 'ஊரி' என்னும் சிப்பியினத்து உயிரின் ஒலி என்றனர். அவ்வுயிர்களை எடுத்து வந்தும் காட்டினர். கோடையிலேயே அவ்வொலி கேட்கும், மழைவெள்ளம் வாவியில் பெருகினால் நின்றுவிடும் என்றும் தெரிவித்தனர்.

டெனன்ற் கேட்டதோடு அமைந்துவிடவில்லை. நிலவு எழுந்தபின் மீனவருடன் படகேறிச் சென்றார். கோட்டை வாயிலை அடுத்த இறங்குதுறையிலிருந்து ஏறத்தாழ 200 யார் சென்றதும் ஒலி கேட்டது. அது நீண்டொலிக்கும் ஒரே சுரம் அன்று. தனித்தனியாகப் பிரித்தறியத்தக்க பல நுண்ணிய ஒலிகளின் கூட்டம். படகின் மரச்சட்டத்தில் செவியை வைத்தபோது அவ்வொலி பன்மடங்கு மிகுந்தது. படகு நகர நகர ஒலி வேறுபட்டது. சில இடங்களில் அற்றே போயிற்று. முன்னைய இடத்துக்கு மீண்டதும் மறுபடி எழுந்தது. ஆகவே ஒலிக்குக் காரணமாவது யாதாயினும் அது இடம்பெயராமல் ஆங்காங்கே நிலைத்திருப்பது என அவர் முடிவு செய்தார். ஊரி என்ற மீனவர் கூற்றுக்கு அம்முடிவு இசைந்ததாய்த் தோன்றிற்று. 1859-இல் வெளியான தமது இலங்கை வரலாற்று நூலில் இவற்றை அவர் பதிவு செய்தார்.

மரத்தில் செவியை வைத்ததும் ஒலி மிகுந்தது எவ்வாறு? ஒலி என்பது ஊடகத்தின் துகள்கள் அதிர்வதனால் பரவும் அலை. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி உடையது. ஒலி காற்றிற் செல்வதைவிட நீரில் நான்கு மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் செல்வது. இவ்வளவு வேறுபட்ட இரு ஊடகங்கள் சந்திக்கும் எல்லையில் ஒலி கடந்து செல்வது அரிது. நீருக்குள்ளிருந்து நேரே மேல்நோக்கி வரும் ஒலியாற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே காற்றைச் சேரும். எஞ்சியதெல்லாம் தெறித்து மீண்டும் நீருக்கே திரும்பும். மரத்தின் இயல்போ நீரின் இயல்புக்கு அணித்தானது. நீரின் அதிர்வை மரம் எளிதில் ஏற்றுக்கொள்ளும். மரத்தின் அதிர்வை மண்டையோட்டின் எலும்பு ஏற்று உட்செவிக்குச் சேர்க்கும். காற்று என்னும் தடையைத் துடுப்பு இவ்வாறு விலக்கிவிடுகிறது. பாசிக்குடாவில் நீராடுவோன் தலையை அமிழ்த்தியதும் ஓசை கேட்பதற்கும் இதுவே காரணம்.

இவ்வுண்மை வேறு நாடுகளிலும் நீர்நிலையை அண்டி வாழ்ந்தோருக்குப் புலப்பட்டிருந்தது. நீரில் ஒரு குழாயை ஊன்றி அதன் மறுமுனையில் செவிவைத்தால் தொலைவிற் செல்லும் கப்பல்களின் ஓசை கேட்கும் என்று 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான லியோனார்டோ டா வின்சி குறித்து வைத்தார். 1826-இல் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரியில் கொலாடோன், ஸ்டூர்ம் என்னும் இருவர் நீருள் ஒலியின் வேகத்தை அளந்தனர். ஒரு படகிலிருந்து நீருள் தொங்கிய மணி அடிக்கப்பட்டது. அக்கணமே வெடிமருந்து கொளுத்தப்பட்டு ஒளி எழுந்தது. 13 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் மற்றொரு படகில் இருந்தவர், ஒளி கண்ட நேரத்துக்கும் நீருள் அமிழ்த்திய குழாயின் வழியே மணியோசை கேட்ட நேரத்துக்கும் இடைப்பட்ட காலத்தைக் கணித்தார். அவ்வளவு தொலைவையும் ஒலி ஏறத்தாழ ஒன்பதரை விநாடியிற் கடந்துவிட்டது. நொடிக்கு 1,435 மீட்டர் என்பது அவர்கள் கண்ட வேகம்.

அவ்வேரியின் நீர் அன்று 8 பாகை வெப்பமே உடையதாயிருந்தது. நீரின் வெப்பம் ஏற ஏற அதில் ஒலியின் வேகமும் ஏறும். உவர்ப்பு மிகுந்தாலும் வேகம் மிகும். வெயிலில் காய்ந்து 30 பாகையை அணுகும் கீழைக்கரை நீரில் ஒலி நொடிக்கு 1,500 மீட்டர் அளவிற் செல்லும். வெப்பவியலும் ஒலியியலும் பாடநூலில் இரு வேறு அதிகாரங்களாயினும், வாவியில் அவை ஒன்றாகவே கலந்திருக்கின்றன.

இனி, ஒலிப்பது ஊரியா, மீனா? ஒலியெழுப்பும் மீன்கள் பல உண்டு என்பது இன்று நன்கு தெரிந்த செய்தி. அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு இசைக்கருவியாய் உதவுவது உடலினுள் அமைந்த காற்றுப் பையாகும். ஒரு பொருள் தான் விலக்கும் நீரின் நிறைக்குச் சமமான மேலுதைப்பைப் பெறும் என்பது ஆர்க்கிமிடீஸ் கண்ட விதி. காற்றுப் பை விரிந்தால் விலக்கப்படும் நீர் மிகும், சுருங்கினால் குறையும். பையிலுள்ள வாயுவின் அளவை இவ்வாறு ஒழுங்குசெய்து மீன் தான் விரும்பிய ஆழத்தில் அமிழாமலும் மிதவாமலும் நிற்கிறது. அதே பையைச் சுற்றியுள்ள தசைகள் விரைந்து துடிக்கும்போது, தோல் போர்த்த முழவு போல அது ஒலிக்கிறது. மிதப்பதற்கு உதவும் உறுப்பே முழங்குவதற்கும் உதவுகிறது. ஊரிக்கு அத்தகைய உறுப்பு இல்லை.

ஆயின், இடம்பெயராத ஒலி என்று டெனன்ற் கண்டதற்கு விடை யாது? அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரை அடுத்த சோசலிட்டோவில், படகு வீடுகளில் வாழ்ந்தோர் 1980-களில் இரவு முழுதும் எழுந்த ஒரு முரலொலியால் உறக்கமிழந்தனர். இயந்திரங்களின் ஓசையோ என ஐயுற்றனர். ஆராய்ந்தபோது அது ஒருவகை ஆண் மீனின் ஒலி எனத் தெரிந்தது. கல்லின் அடியிற் கூடமைத்து, அவ்விடத்தை விட்டு நீங்காது, பெண் மீனை அழைத்து அது முரல்கிறது. ஆகவே நிலைத்த ஒலி என்பதனாலேயே அதனை மீனின் ஒலி அன்று என விலக்கிவிட இயலாது. டெனன்ற் கண்டது மெய். அதிலிருந்து கொண்ட முடிவு மட்டுமே மீளாய்வுக்குரியது. கண்டதையும் கருதியதையும் வேறாக்கிக் காட்டுவதே அறிவியலின் ஒழுக்கம்.

இந்நாதத்தைக் கேட்டோருள் தமிழுலகம் என்றும் நினைவிற்கொள்ளத்தக்கவர் சுவாமி விபுலாநந்தர். 1892-இல் காரைதீவில் தோன்றி, மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்று, 1916-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியற் பட்டம் பெற்றவர் அவர். துறவு மேற்கொள்ளுமுன் யாழ்ப்பாணத்தில் அறிவியல் ஆசிரியராய்ப் பணியாற்றினார். 1936-இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, அறிவியலைத் தமிழிற் கற்பிப்பதற்கு வேண்டிய சொற்களை ஆக்கும் பணிக்குத் துணைநின்றார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய அவரது யாழ்நூல், இசையையும் கணக்கையும் ஒன்றுசேர்த்த பேராராய்ச்சி. நரம்பு முழுமையாய் ஒலித்தால் ஒரு சுரம். அதன் மூன்றில் இரு பங்கு ஒலித்தால் ஐந்தாம் சுரம். பாதி ஒலித்தால் முதற் சுரத்தின் மேல்நிலை. நீளம் குறையுமளவுக்கு அதிர்வின் மீடிறன் பெருகும் என்னும் இப்பௌதிக விதியைக் கைக்கொண்டு, வழக்கிறந்த பண்டை யாழ்களின் இலக்கணத்தை அவர் மீட்க முயன்றார். அந்நூலிலேயே மட்டக்களப்பு வாவியின் நாதத்தை நீரரமகளிரின் இசையாகக் கண்டு பாடியுமிருக்கிறார். அரங்கேற்றம் நிகழ்ந்த மறுமாதமே, 1947 ஜூலை 19-இல், அவர் மறைந்தார். கல்லடியில் அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளவில், வாவிக்கு அணித்தாகவே அவரது சமாதி அமைந்திருக்கிறது.

செவியும் துடுப்பும் செய்த பணியைப் பின்னர் மின்சாரம் ஏற்றது. அழுத்தினால் மின்னழுத்தம் தோற்றுவிக்கும் படிகங்கள் சில உண்டு. அத்தகைய படிகம் கொண்ட ஒலிவாங்கியை நீருள் இறக்கினால், ஒலியலையின் அழுத்தம் மின்னோட்டமாக மாறும். அதனைப் பெருக்கி நாடாவிற் பதியலாம். அமெரிக்க இயேசு சபைத் துறவியான லாங் அடிகளார் மட்டக்களப்பு வாவியின் நாதத்தை ஒலிப்பதிவு செய்தார். அப்பதிவு 1960-களில் வெளிவந்தது. தோணியில் இருந்தோர் மட்டுமே கேட்ட ஒலியை வீட்டில் இருந்தோரும் கேட்க வழி பிறந்தது.

அதன்பின் வந்த காலம் கேட்டலுக்கு உகந்ததாய் இருக்கவில்லை. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில், நள்ளிரவில் வாவியில் தோணி நிறுத்திச் செவிகொடுப்போர் அருகினர். அமைதி மீண்டபோது இயந்திரப் படகும் வாகனமும் பெருகின. இயந்திரத்தின் இரைச்சலையும் நீர் அதே வேகத்தில், அதே எளிமையுடன் சுமந்து செல்லும். நுண்ணிய நாதம் அதனுள் அமிழ்ந்துபோகும். எவ்வுயிர், எப்பருவத்தில், எதன்பொருட்டு ஒலிக்கிறது என்னும் வினா இன்னும் ஐயந்திரிபற முடிவாகாத நிலையில், ஒலியே அருகிவிடுமாயின் வினாவும் அதனோடு அருகிவிடும்.

வாவிக்கரைப் பள்ளிகளில் பயிலும் மாணவர் ஜெனீவா ஏரியின் மணியைப் பற்றிப் படிக்கின்றனர், படிக்கவேண்டியதே. அம்மணியோசையை விளக்கும் விதி தம் பாட்டனின் துடுப்பிலும் இருந்தது என்பதையும் அவர்கள் அறிதல் வேண்டும். அதற்குப் பெருஞ் செலவுள்ள ஆய்வுகூடம் தேவையில்லை. காற்றோய்ந்த ஓர் இரவு, பெரியோர் துணை, ஒரு தோணி, ஒரு துடுப்பு ஆகியன போதும். கேட்ட நாளையும் இடத்தையும் நீரின் நிலையையும் ஒரு கொப்பியிற் குறித்து வந்தால், 1848-இல் டெனன்ற் விட்ட இடத்திலிருந்து அவ்வாராய்ச்சி தொடரும்.