நிரந்தர வதிவிட விண்ணப்பம்: தபாலிலா, நேரிலா?

பிரித்தானியாவில் அகதி அந்தஸ்துப் பெற்றவர்களுக்கு நீண்டகாலமாக ஐந்து ஆண்டு வதிவிட அனுமதியே வழங்கப்பட்டு வந்தது. அது முடியும் வேளையில் அவர்கள் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்தார்கள். இறுதி யுத்தத்துக்குப் பின்னர் அங்கு சென்ற எம்மவர்கள் பலர் இந்தப் படியைக் கடந்தவர்கள். இன்னும் காத்திருப்பவர்களும் உள்ளனர்.

தபாலில் அனுப்புவதா, நேரில் போவதா என்ற பேச்சு வந்தால், எது விரைவு என்பதையே பலரும் பார்க்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு உண்டு. விண்ணப்பம் எந்தத் திகதியில் செய்யப்பட்டதாகக் கணக்கிடப்படும்? முடிவு வரும்வரை மூலப் பத்திரங்கள் யாரிடம் இருக்கும்?

2018 வரை இருந்த முறை

தபால் வழியில் படிவத்தோடு மூலப் பத்திரங்களையும் உள்துறை அமைச்சுக்கு அனுப்ப வேண்டும். பதிலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். நேரில் செல்பவர்கள் குறோய்டன் போன்ற இடங்களிலிருந்த சேவை நிலையங்களில் முன்பதிவு செய்து, மேலதிக கட்டணம் செலுத்தினால், பெரும்பாலும் அன்றே முடிவு கிடைத்தது. பத்திரங்களும் கையோடு திரும்பி வந்தன.

அகதி அந்தஸ்து வழியாக விண்ணப்பித்தவர்களுக்குக் கட்டணம் இல்லை; அந்த அன்றைய நாள் சேவையும் இல்லை. பலமுறை இடம்பெயர்ந்து, கையிலிருந்த பிறப்புச் சான்றிதழை மட்டும் காப்பாற்றி வந்தவர்கள்தான் அதைத் தபாலில் விட வேண்டியிருந்தது.

திகதி ஏன் முக்கியம்?

பிரித்தானியாவின் 1971 குடிவரவுச் சட்டத்தின் 3சி பிரிவின்படி, அனுமதி முடிவதற்கு முன் விண்ணப்பித்தவரின் பழைய உரிமைகள் முடிவு வரும்வரை தொடரும். ஒரு நாள் பிந்தினாலும் அந்தப் பாதுகாப்பு இல்லை. வேலை, வாடகை வீடு இரண்டும் சிக்கலாகும்.

ரோயல் மெயில் தபாலில் அனுப்பினால், அனுப்பிய நாளே விண்ணப்பத் திகதி. கூரியர் மூலம் அனுப்பினால், அமைச்சின் கையில் கிடைத்த நாளே திகதி. கடைசி நாளில் கூரியரை நம்பியவருக்கு இந்த வேறுபாடு பெரிய இழப்பாக முடியலாம்.

இப்போதைய நிலை

2018 நவம்பருக்குப் பின்னர் பெரும்பாலான விண்ணப்பங்கள் இணையவழிக்கு மாறின. படிவத்தை இணையத்தில் சமர்ப்பித்த நாளே விண்ணப்பத் திகதி. பத்திரங்களை ஸ்கேன் செய்து பதிவேற்றலாம் என்பதால் மூலப் பிரதிகள் வீட்டிலேயே இருக்கும். கைவிரல் அடையாளமும் புகைப்படமும் கொடுக்க மட்டும் நேரில் செல்ல நேரும். அந்தச் சந்திப்பில் முடிவு சொல்லப்படுவதில்லை. அனுமதி அட்டைகளுக்குப் பதிலாக இப்போது மின்னணு விசா வழங்கப்படுகிறது.

ஊருக்குப் போக நேர்ந்தால்

விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது பிரித்தானியா, அயர்லாந்து, சனல் தீவுகள், மான் தீவு ஆகியவற்றுக்கு வெளியே பயணித்தால், விண்ணப்பம் மீளப் பெறப்பட்டதாகக் கருதப்படும். தாய் தந்தையின் மரணச் செய்தி வந்தாலும் விமானம் ஏறுவதற்கு முன் சட்டத்தரணியிடம் கேட்பது அவசியம். அகதி அந்தஸ்தில் இருப்பவர் இலங்கைக் கடவுச்சீட்டை எடுத்தாலோ, இலங்கைக்குச் சென்றாலோ அந்த அந்தஸ்தே கேள்விக்குள்ளாகலாம்.

கவனிக்க வேண்டியவை

• அனுமதி முடியும் திகதியை மின்னணு விசாக் கணக்கில் சரிபாருங்கள். அகதி அந்தஸ்தில் இருப்பவர்கள் அனுமதியின் கடைசி மாதத்தில் விண்ணப்பிக்கலாம்.

• எதையாவது தபாலில் அனுப்ப நேர்ந்தால், முதலில் எல்லாப் பக்கங்களையும் பிரதி எடுங்கள். தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

• பிறப்பு, திருமணப் பதிவுகளின் பிரதியை ஊரிலுள்ள உறவினர் மூலம் பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே பெற்று வையுங்கள்.

• பெயர் எழுத்துகள் பத்திரத்துக்குப் பத்திரம் மாறியிருந்தால், அதற்கான விளக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

விதிகள் மாறிக்கொண்டே வருகின்றன. அகதிகள் நிரந்தர வதிவிடம் பெறும் காலத்தை 20 ஆண்டுகள் வரை நீட்டும் திட்டத்தை 2025 நவம்பரில் பிரித்தானிய அரசு அறிவித்தது. ஆகவே, முன்னர் விண்ணப்பித்த உறவினரின் அனுபவத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். விண்ணப்பிக்கும் நாளில் உங்கள் அனுமதி வகைக்கு எந்த விதி பொருந்தும் என்பதை, பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகரிடம் உறுதிப்படுத்துங்கள்.