ஹெபடைடிஸ் சி மாத்திரை: கல்லீரலுக்குக் கொடுக்கும்போது இதயத்தையும் பார்ப்பது ஏன்?

ஹெபடைடிஸ் சி, கல்லீரலைத் தாக்கும் கிருமி. ரத்தத்தின் வழியாகப் பரவுகிறது. பலர் பகிர்ந்துகொள்ளும் ஊசி, சரியாகச் சுத்தம் செய்யாத பச்சை குத்தும் கருவி, பரிசோதனை முறை வருவதற்கு முன்பு ஏற்றப்பட்ட ரத்தம் ஆகியவை இதன் முக்கிய வழிகள். உடலில் கிருமி இருப்பது பல ஆண்டுகளுக்குத் தெரியாமலே போகலாம். தெரியவரும்போது சிலருக்குக் கல்லீரல் இறுகிச் சுருங்கியிருக்கும். சிலருக்குப் புற்றுநோயும் வந்திருக்கும். இதற்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் மாத்திரையால் குணப்படுத்த முடியும்.

2012-இல் கிடைத்த பாடம்

கிருமி தன்னைப் படியெடுத்துப் பெருகும்போது போலிச் செங்கல் போல் உள்ளே நுழைந்து அந்த வேலையை நிறுத்தும் மருந்துகள் உண்டு. அந்த வகையைச் சேர்ந்த பிஎம்எஸ்-986094 என்னும் மருந்தை அமெரிக்காவின் பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனம் நோயாளிகளிடம் சோதித்து வந்தது. இரண்டாம் கட்டச் சோதனையில் ஒருவருக்கு இதயம் செயலிழக்கவே, 2012 ஆகஸ்டில் சோதனை நிறுத்தப்பட்டது. அவர் இறந்தார். மேலும் சிலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். கல்லீரலுக்காகக் கொடுத்த மருந்து இதயத்தைப் பாதித்ததால் அந்த மருந்தே கைவிடப்பட்டது.

அதே பெருவகையைச் சேர்ந்த சோஃபோஸ்புவிர் 2013 டிசம்பரில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அந்தப் பாதிப்பு இதில் காணப்படவில்லை. ஆனாலும் கண்காணிப்பு நிற்கவில்லை. இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மருந்தை உட்கொள்பவர்கள், சோஃபோஸ்புவிர் அடங்கிய சில சிகிச்சைகளையும் சேர்த்து எடுத்தபோது துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்ததாக 2015 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அப்போது வந்த புகார்களில் ஒருவர் இதயத் துடிப்பு நின்று இறந்திருந்தார். மூவருக்கு இதயத் துடிப்புக் கருவி பொருத்த வேண்டியிருந்தது.

மலேசியாவில் நடந்த சோதனை

அமெரிக்காவில் 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர் என்று விலை வைக்கப்பட்ட இந்த மருந்து ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தது. 2017-இல் மலேசிய அரசாங்கம் காப்புரிமையையும் மீறி, அரசாங்கப் பயன்பாட்டு உரிமத்தின் கீழ் மலிவான சோஃபோஸ்புவிரை வாங்க முடிவு செய்தது.

இதற்கிடையே, சோஃபோஸ்புவிருடன் ராவிடாஸ்விர் என்ற மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கும் சோதனை மலேசியாவிலும் தாய்லாந்திலும் நடந்தது. 2016-க்கும் 2017-க்கும் இடையில் 301 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். கல்லீரல் சுருங்காதவர்களுக்கு 12 வாரம், சுருங்கத் தொடங்கியவர்களுக்கு 24 வாரம் என மாத்திரை தரப்பட்டது. சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்துப் பார்த்தபோது 97 விழுக்காட்டினரின் ரத்தத்தில் கிருமி இல்லை. 2021 ஜூனில் ராவிடாஸ்விர் மலேசியாவில் பதிவு செய்யப்பட்டது.

நாம் செய்ய வேண்டியது

ரத்தப் பரிசோதனையே முதல் படி. முதல் சோதனையில் 'உண்டு' என்று வந்தால், அது கிருமி எப்போதோ உடலில் புகுந்ததற்கான அடையாளம் மட்டுமே. கிருமி இப்போதும் இருக்கிறதா என்பதை அடுத்த சோதனைதான் உறுதி செய்யும். அதோடு ஹெபடைடிஸ் பி-க்கும் பார்த்துக்கொள்வது அவசியம். சி கிருமிக்குச் சிகிச்சை தரும்போது, அடங்கியிருக்கும் பி கிருமி மீண்டும் தலைதூக்கிக் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கக்கூடும்.

நம்மில் பலர் இதயம், ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றுக்கு ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள். வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். அமியோடரோன் எடுப்பவர் அதை நிறுத்திய பிறகும் அது பல மாதம் உடலில் தங்கியிருக்கும். ஆகவே முன்பு எடுத்ததையும் சொல்ல வேண்டும். இதய மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எதை மாற்றுவது என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.