எக்ஸ்டசியும் கார்ட்டிசாலும்

எக்ஸ்டசி என்பது எம்.டி.எம்.ஏ. என்னும் செயற்கைப் போதைப்பொருளின் வழக்குப் பெயர் ஆகும். 1912 இல் செருமனியின் மெர்க் நிறுவனத்தில் முதன்முதலாக உருவாக்கப்பட்ட இது, 1980களின் இறுதியில் பிரித்தானிய இரவு நடன விடுதிகளில் பரவியது. உட்கொள்வோர் அன்பையும் களிப்பையும் உணரும் அதே வேளையில், அவர்களது உடல் கடும் தகைவுக்கு உள்ளாகிறது. இத்தகைவை அளக்க உதவும் இயக்குநீர் (ஹார்மோன்) கார்ட்டிசால் ஆகும்.

கார்ட்டிசால்

சிறுநீரகங்களின் மேல் அமைந்த அட்ரினல் சுரப்பிகளின் புறணி கார்ட்டிசாலைச் சுரக்கிறது. இது நெருக்கடியின்போது குருதியில் குளுக்கோசின் அளவை உயர்த்தி, உடலுக்கு ஆற்றல் அளிக்கிறது. இயல்பாக இதன் அளவு விழித்தெழுந்த சிறிது நேரத்தில் உச்சத்தையும், நள்ளிரவையொட்டி மிகக் குறைந்த நிலையையும் அடையும். விடுதி நடனமோ உடல் ஓய்வை நாடும் அந்நேரத்தில்தான் நிகழ்கிறது.

செயற்படும் முறை

எம்.டி.எம்.ஏ. மூளை நரம்பு முனைகளிலிருந்து செரட்டோனினைப் பெருமளவில் வெளியேற்றுகிறது. இதனால் ஹைப்போதலாமஸ் தூண்டப்படுகிறது. அது பிட்யூட்டரி சுரப்பியையும், பிட்யூட்டரி அட்ரினல் புறணியையும் தூண்டுவதால் கார்ட்டிசால் உயர்கிறது.

சுவான்சி ஆய்வு

வேல்சிலுள்ள சுவான்சி பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ பாரட் குழுவினர் 2008 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். எக்ஸ்டசிப் பழக்கமுடைய 12 பேர், அதை உட்கொண்டு ஓர் இரவும், உட்கொள்ளாமல் மற்றோர் இரவும் நடனமாடினர். காலடி எண்ணும் கருவியின்படி இரு இரவுகளிலும் ஆட்டத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றே. எனினும் உட்கொண்ட இரவில் உமிழ்நீர்க் கார்ட்டிசால் 800 விழுக்காடு, அதாவது ஒன்பது மடங்காக உயர்ந்தது. மற்ற இரவில் அத்தகைய உயர்வு இல்லை. எனவே நடனம் மட்டுமே காரணம் எனக் கொள்ள இயலாது. ஆய்வகத்தில் அமைதியான சூழலில் இம்மருந்தைப் பெற்றோரிடம் உயர்வு பொதுவாக 100 முதல் 150 விழுக்காடே. ஆகவே வெப்பம், நெரிசல், இரைச்சல், இடைவிடா ஆட்டம் ஆகியன மருந்தின் விளைவைப் பெருக்குகின்றன என்பது பாரட்டின் விளக்கம். பங்கேற்றோர் சிலரே என்பது இவ்வாய்வின் வரம்பு ஆகும்.

நீடித்த விளைவுகள்

தலைமுடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்வதால், 3 செ.மீ. முடி மூன்று மாதக் கார்ட்டிசால் பதிவைத் தாங்கியுள்ளது. அண்மையில் எக்ஸ்டசியை மிகுதியாகப் பயன்படுத்தியோரின் முடியில், பயன்படுத்தாதோரைவிட அது கூடுதலாக இருந்ததென அதே குழு 2014 இல் அறிவித்தது. பிற போதைப்பொருட்களும் உறக்கமின்மையும் இதில் பங்களிக்கக்கூடும். கார்ட்டிசால் நெடுங்காலம் மிகுந்திருப்பின் உறக்கம், நினைவாற்றல், நோயெதிர்ப்பு ஆகியன பாதிக்கப்படும். களைப்பும் உடல்வெப்பமும் உணரப்படாமல் போவதால், ஆடுபவர் இத்தகைவை அப்போது அறிவதில்லை.