டிரினிடாட் 1956: நியமனம் நிரப்பிய பெரும்பான்மை

1956 செப்டம்பர் 24 அன்று டிரினிடாட்-டொபேகோவில் நடந்த சட்டசபைத் தேர்தல், எரிக் வில்லியம்ஸ் என்ற வரலாற்றாசிரியரின் வெற்றிக்கதையாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. ஆனால் வாக்காளர்கள் அவருடைய மக்கள் தேசிய இயக்கத்துக்குக் கொடுத்தவை 24 இடங்களில் 13 மட்டுமே. நியமன உறுப்பினர்களும் அமர்ந்த சபையில் ஆட்சியமைக்க அவை போதவில்லை. குறையை நிரப்பியது பிரித்தானிய ஆளுநரின் நியமன அதிகாரம்.

அந்த அதிகாரத்தின் பழைய பயன்பாடு வேறு. 1925இல்தான் அத்தீவின் சட்டசபைக்குத் தேர்தல் வழி உறுப்பினர்கள் வந்தனர். அதுவும் ஏழு பேர். சொத்துத் தகுதி காரணமாக மக்கள்தொகையில் சுமார் 6 விழுக்காட்டினருக்கே வாக்குரிமை இருந்தது. 1937 ஜூனில் யூரியா பட்லர் தலைமையில் ஃபைசாபாத் எண்ணெய் வயல்களில் வெடித்த தொழிலாளர் கிளர்ச்சி, சீர்திருத்தத்தைத் தள்ளிப்போட முடியாத நிலையை உண்டாக்கியது. வாக்காளருக்கு ஆங்கிலம் புரிய வேண்டும் என்ற நிபந்தனையை வாக்குரிமைக் குழுவின் பெரும்பான்மை பரிந்துரைத்தது. கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்களின் வழித்தோன்றல்கள் கடுமையாக எதிர்த்ததால் அது கைவிடப்பட்டது. 1946இல் வயதுவந்த அனைவரும் வாக்களித்தனர். தேர்வானவர்கள் ஒன்பது பேர். நியமன உறுப்பினர்களும் அதிகாரிகளும் சேர்ந்து இன்னும் ஒன்பது பேர்.

1950 தேர்தல் இதைவிடப் பாடம் தருவது. 18 இடங்களுக்கு 141 பேர் போட்டியிட்டனர், பெரும்பாலோர் சுயேச்சைகள். பட்லரின் கட்சி தனிப்பெரும் அணியாக வந்தும் ஆட்சியில் அதற்கு இடமில்லை. நிர்வாகக் குழுவின் உறுப்பினர்களை நியமன உறுப்பினர்களும் சேர்ந்த சபையே தேர்ந்தெடுத்ததால், ஆல்பர்ட் கோம்ஸ் போன்ற தனிநபர்களே அமைச்சர்களாயினர்.

1955இல் கரீபியன் ஆணையம் தன்னிடம் வில்லியம்ஸ் பார்த்துவந்த பணியை நீட்டிக்க மறுத்தது. அவர் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் உட்ஃபோர்ட் சதுக்கத்தில் அரசியலமைப்பைப் பற்றி மக்களுக்கு விரிவுரை நிகழ்த்தத் தொடங்கினார். அவ்வாண்டு நடந்திருக்க வேண்டிய தேர்தலைச் சபையினர் ஓராண்டு தள்ளிவைத்தனர். வில்லியம்ஸ் அதைக் கண்டித்தார். ஆனால் 1956 ஜனவரியில் தொடங்கிய அவருடைய கட்சிக்கு வளர நேரம் தந்ததே அந்த ஒத்திவைப்புதான். தேர்தலில் கோம்ஸ் தம் தொகுதியையே இழந்தார்.

இனி அந்தக் கணக்கு. புதிய சபையில் தேர்வானவர்கள் 24, நியமனம் பெற்றோர் 5, அதிகாரிகள் 2, ஆக 31. பெரும்பான்மைக்கு 16 வேண்டும். அதிகாரிகள் இருவரும் துணை நின்றாலும் வில்லியம்ஸுக்கு 15தான். எதிர்த்தரப்பின் 11 பேரும் நியமன உறுப்பினர் ஐவரும் சேர்ந்தால் 1950 மீண்டும் நடக்கும். எனவே நியமன இடங்களில் இரண்டைத் தம் விருப்பப்படி நிரப்ப வில்லியம்ஸ் கேட்டார். ஆளுநர் எட்வர்ட் பீத்தமும் லண்டனும் இசைந்தனர். தீவின் முதல் முதலமைச்சராக அவர் பதவியேற்றார்.

இதைப் பிரித்தானியரின் பெருந்தன்மை என்று கொள்வது பிழை. கட்டுக்கோப்பான கட்சியுடன் பேரம் பேசுவது, சிதறிய சுயேச்சைகளைச் சமாளிப்பதைவிட அவர்களுக்கு எளிது. இன்னொன்றையும் மறைக்க முடியாது: வில்லியம்ஸின் கட்சி பெற்ற வாக்குகள் சுமார் 40 விழுக்காடே. பதாஸி மராஜின் மக்கள் ஜனநாயகக் கட்சி ஐந்து இடங்களைப் பெற்றது. அதன் பலம் இந்திய வம்சாவளியினரிடம் இருந்தது. 1958 மேற்கிந்தியக் கூட்டாட்சித் தேர்தலில் எதிரணி டிரினிடாட்டின் பத்து இடங்களில் ஆறை வென்றபோது அந்தப் பிளவு வெளிப்பட்டது.

நியமனத்தின் துணையின்றி ஆளும் பெரும்பான்மையை வில்லியம்ஸ் 1961 டிசம்பரில்தான், 30இல் 20 இடங்களை வென்று பெற்றார். 1962 ஆகஸ்ட் 31 அன்று நாடு விடுதலை அடைந்தது.