ஊர்ப்புற நகையும் அதன் நிலைக்களனும்

நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினின்றும் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. இந்நான்கனுள் பேதைமைக்கும் மடனுக்கும் இடையே உரையாசிரியர் காட்டும் வேறுபாடு கூர்ந்து நோக்கத்தக்கது. பேதைமை அறிவின்மை, மடனோ, கேட்டதனை உய்த்துணராது மெய்யெனக் கொள்ளுதல் என்பர் பேராசிரியர். ஊர்ப்புற மாந்தரை வைத்து எழும் நகைச்சுவையை நம்மவர் பெரும்பாலும் பேதைமையின்பாற்படுத்தியே வந்துள்ளனர். அது பொருந்துமா என்பதை இரு திரைப்படங்களைக் கொண்டு ஆராய்தலும், அவ்வாராய்ச்சி தருமபுரி மாவட்டத்து வத்தல்மலை போன்ற ஊர்களுக்கு எவ்வாற்றான் உரியதாகின்றது என்று காட்டலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் பிரெஞ்சுப் படமொன்றனைக் காண்போம். ழாக் தாத்தி (1907–1982) இயக்கி நடித்த ‘திருவிழா நாள்’ 1949இல் வெளிவந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தாம் ஒதுங்கி வாழ்ந்த செந்த் செவேர் என்னும் சிற்றூரிலேயே 1947இல் அவர் இதனைப் படமாக்கினார். அவ்வூர் மக்கள் பலரும் இதில் தோன்றினர். வண்ணப்படமாக எடுக்கப்பெற்றும், அப்புதுமுறைப் படச்சுருளைப் பதப்படுத்த இயலாமையின், உடனெடுத்த கறுப்பு வெள்ளைப் படியே திரைக்கு வந்தது. வண்ணப்படி மீட்கப்பெற்று வெளியானது 1995இலேயாம். புதுமையை நம்பி இடர்ப்பட்டவன் கதையைச் சொல்லும் படத்திற்கே அவ்விடர் நேர்ந்தமை வியப்பன்று எனலாம்.

கதை எளிது. ஊர்த்திருவிழாவிற்குக் குடைராட்டினமும் படக்கூடாரமும் வருகின்றன. அமெரிக்க அஞ்சல்துறையின் விரைவைப் புகழும் படமொன்று கூடாரத்தில் காட்டப்படுகின்றது. ஊரார் தம் அஞ்சற்காரன் பிரான்சுவாவை அதனொடு ஒப்பிட்டு எள்ளுகின்றனர். மறுநாள் அவன் தன் மிதிவண்டியில் அமெரிக்க விரைவைக் காட்டப் புறப்படுகின்றான். ஓடும் சுமையுந்தின் பின்புறத்தைப் பற்றியவாறே கடிதங்களுக்கு முத்திரையிடுகின்றான். குதிரை வாலின் கீழும் கடிதத்தைச் செருகுகின்றான். முடிவில் ஆற்றில் வீழ்கின்றான். ஆட்டுடன் திரியும் கிழவி ஒருத்தி அவனைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு, செய்தி சற்றுத் தாழ்த்து வரினும் கேடில்லை என்னும் பொருள்பட ஆறுதல் கூறுகின்றாள். அவனும் கடிதப்பையை மறந்து அறுவடை செய்வாரோடு கூடிக்கொள்கின்றான்.

இங்கு நகைக்கு நிலைக்களன் யாது? பிரான்சுவா அறிவிலி அல்லன். ஊரின் ஒவ்வொரு வாயிலையும் அறிந்தவன். திரையிற் கண்டதனை உய்த்துணராது மெய்யெனக் கொண்டதே அவன் குறை. ஆகவே இது பேதைமை அன்று, மடன் என்க. அம்மடன் ஊர்ப்புறத்தார்க்கே உரியதும் அன்று. விரைவே மேன்மை என்று நம்பும் எவர்க்கும் உரியது. பிரான்சுவாவைக் கண்டு நகுவோர் தம்மையும் அவனிடத்தே காண்கின்றனர்.

இனித் தமிழுக்கு வருவோம். மடோன் அசுவின் இயக்கி 2021இல் வெளிவந்த ‘மண்டேலா’ என்னும் படத்திலும் அஞ்சலகமே திருப்புமுனையாகின்றது. சூரங்குடி என்னும் கற்பனையூரில் முடிதிருத்தும் ஒருவனுக்கு நிலையான பெயரும் இல்லை. ‘இளிச்சவாயன்’ என்பதே ஊரார் அவனுக்கு இட்ட பெயர். சேமிப்புக் கணக்குத் தொடங்கச் சென்றவிடத்து, அஞ்சலகப் பணியாளர் தேன்மொழி நெல்சன் மண்டேலா என்னும் பெயரையும், அதன்வழி அடையாள அட்டையையும் பெற உதவுகின்றாள். அவ்வட்டை வாக்குரிமையைத் தருகின்றது. இரு சாதியாரின் வாக்குகளும் சமமாய் நிற்ப, பின்வாயில்வழி அழைக்கப்பட்டவனின் ஒரு வாக்கே ஊராட்சித் தேர்தலைத் தீர்மானிப்பதாகின்றது. நகை இங்கு எள்ளலிற் பிறக்கின்றது. எள்ளலை, தான் பிறரை எள்ளுதல், பிறர் தன்னை எள்ளுதல் என இருவகைப்படுத்துவார் பேராசிரியர். இப்படம் முன்பாதியில் அவனை எள்ளும் ஊரைக் காட்டிப் பின்பாதியில் அவ்வூரையே எள்ளலுக்கு உரியதாக்குகின்றது. 68ஆம் தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த அறிமுக இயக்குநர்க்குரிய படவிருதும் உரையாடலுக்கான விருதும் இதற்குக் கிடைத்தன.

இவ்விரண்டனையும் வத்தல்மலையில் வைத்து எண்ணிப் பார்த்தல் தகும். மலையாளிப் பழங்குடியினர் வாழும் இம்மலை, 1965 அக்டோபர் 2இல் தருமபுரி மாவட்டம் பிரியுமளவும் சேலம் மாவட்டத்துள் அடங்கியிருந்தது. அச்சேலத்திலேயே 1935இல் டி. ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகிய ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் அங்கிருந்தே வெளிவந்தது. ஒரே மாவட்டத்தில் வண்ணப்படம் உருவாக, இம்மலையூர்களுக்கோ நெடுங்காலம் நடைபாதையே வழியாயிருந்தது. வண்டி செல்லும் நல்ல சாலை அண்மைக் காலத்திலேயே வாய்த்தது. இத்தாழ்வுக்குக் காரணம் மக்களின் அறிவின்மை அன்று. சரிவு நிலத்தில் காப்பியும் மிளகும் சிறுதானியமும் விளைவிப்பார்க்கு நிலமும் பருவமும் பற்றிய அறிவு குறைவென்று எவர் கூறுவர்? சாலை வாராமை சாலை அமைக்க வேண்டியவர் செயல். அதன் பயனைச் சுமந்தவரைப் ‘பட்டிக்காட்டார்’ என நகுதல், பிறர் குற்றத்தை அவர்மேல் ஏற்றுதலாகும்.

ஆகவே ஊர்ப்புற நகைச்சுவையை ஆராய்வார் முதற்கண் வினவ வேண்டியது, அந்நகை எந்நிலைக்களனிற் பிறந்தது என்பதே. பேதைமையிற் பிறந்ததாயின், காண்பவனை உயர்த்திக் காணப்படுவாரைத் தாழ்த்தும். மடனிற் பிறந்ததாயின் இருவரையும் ஒருநிலைப்படுத்தும். எள்ளலிற் பிறந்ததாயின், எள்ளுவார் யார், எள்ளப்படுவார் யார் என்று மேலும் வினவுதல் வேண்டும். பிரான்சுவாவின் ஊரார் தம்மைத் தாமே நகுதற்கு இசைந்து திரையில் நின்றனர். அவ்விசைவு பெறாது மலைவாழ்நரைத் திரையில் நிறுத்தி நகுவது மெய்ப்பாட்டிலக்கணத்திற்கு மட்டுமன்றி அறத்திற்கும் இழுக்காம் என்பது எம் துணிபு.