காந்தத் தூண்டல்

காந்தத் தூண்டல் என்பது ஓரிடத்தில் காந்தப்புலம் எவ்வளவு வலிமையுடன், எந்தத் திசையில் செயல்படுகிறது என்பதைக் காட்டும் இயற்பியல் அளவு. காந்தத்தின் அருகே வைத்த இரும்பு தானும் காந்தமாகும் நிகழ்வுக்கும் இப்பெயர் வழங்குகிறது.

அலகு: புலத்துக்குச் செங்குத்தாக உள்ள 1 மீட்டர் கம்பியில் 1 ஆம்பியர் மின்னோட்டம் பாயும்போது அதன்மீது 1 நியூட்டன் விசை செயல்பட்டால், அங்குள்ள காந்தத் தூண்டல் 1 டெஸ்லா. 1960-இல் ஏற்கப்பட்ட இந்த அலகு, பழைய அலகில் 10,000 காஸ். காஞ்சிபுரத்தில் புவியின் காந்தத் தூண்டல் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்முனையை ஒட்டிச் செல்வதால், இங்கே அது ஏறக்குறையக் கிடையாகவே அமைகிறது.

நெசவில்: மின்னோட்டம் பாயும் கம்பிச்சுருளுக்குள் தேனிரும்பு உள்ளகத்தை வைத்தால் தூண்டல் பல மடங்கு உயரும். காஞ்சிபுரப் பட்டுத்தறிகளில் எந்தப் பாவு இழை மேலெழ வேண்டும் என்பதை ஜக்கார்டு அட்டையின் துளைகள் தீர்மானித்துவந்தன. மின்னணு ஜக்கார்டில் கணினிக் கட்டளைப்படி இயங்கும் சிறு மின்காந்தங்கள் அந்தத் தேர்வைச் செய்கின்றன. மின்னோட்டம் நின்றதும் பிடி விட்டுப்போக வேண்டும். இல்லையேல் பூவேலை பிசகும். எஃகு காந்தத்தன்மையைத் தக்கவைத்துக்கொள்ளும். தேனிரும்பு உடனே பெரும்பாலும் இழந்துவிடும். ஆகவே இவ்வேலைக்குத் தேனிரும்பே ஏற்றது. உள்ளகத்துக்கும் அது கவரும் இரும்புக்கும் இடையே 1 டெஸ்லா நிலவினால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 40 நியூட்டன் இழுவிசை கிடைக்கும். தூண்டல் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும்.

ஜரிகையில்: ஜரிகையிலுள்ள வெள்ளியும் தங்கமும் காந்தத்தால் மிக மிகச் சிறிதளவே விலக்கப்படுபவை. போலி ஜரிகையில் சேரும் செம்பும் அத்தகையதே. எனவே காந்தத்தை வைத்துச் சேலையின் ஜரிகைத் தரத்தை அறிய முடியாது.

மின்காந்தத் தூண்டலோடு உறவு: சுருளின் ஊடாகச் செல்லும் காந்தப் பாயம் மாறும்போது அதில் மின்னியக்குவிசை எழுவதை மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்தார். இதுவே மின்காந்தத் தூண்டல். நெசவாளர் தெருவுக்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்பார்மரின் உள்ளகத்தில் காந்தத் தூண்டல் நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. அந்த மாற்றமே இரண்டாம் சுருளில் மின்னழுத்தத்தை எழுப்புகிறது. மாறாத புலம் எத்தனை டெஸ்லாவாக இருந்தாலும், அசையாத சுருளில் மின்னழுத்தம் தோன்றாது.