பாண்டியர் குதிரைகளும் வராமல் போன லாடக்காரரும்

ஆவடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை அழைப்புக்கு வெள்ளைக் குதிரை வைத்திருந்தார்கள். பேண்டு வாத்தியத்துக்கு ஏற்ற மாதிரி குதிரை தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே நடந்தது. "பாருடா, தாளம் தப்பாம ஆடுது" என்று பக்கத்தில் ஒரு மாமா ரசித்தார். கூட்டம் கைதட்டியது. நானும்தான் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்றது. பேண்டு செட்காரர்கள் தண்ணீர் குடிக்க ஒதுங்கினார்கள். குதிரை நாலடி நகர்ந்தது. பாட்டே இல்லாமல் அதே மாதிரி தலையை ஆட்டியது!

அப்புறம் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். முன்னங்காலில் வலி உள்ள குதிரை, வலிக்கிற கால் தரையில் படும்போது அந்தக் காலின் பாரத்தைக் குறைக்கத் தலையைத் தூக்கும். நல்ல கால் படும்போது தலை இறங்கும். நொண்டுகிற காலைக் கண்டுபிடிக்கக் கால்நடை மருத்துவர்கள் முதலில் பார்ப்பது இந்தத் தலையாட்டலைத்தான். ஆக, அன்றைக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு நொண்டிக் குதிரைக்குக் கைதட்டியிருக்கிறோம்.

இதைத் தேடப் போன இடத்தில்தான் மார்க்கோ போலோ குறுக்கே வந்தார். நம் ஊர்க்காரர்களுக்குக் குதிரையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாது என்று 700 வருஷத்துக்கு முன்பே அவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தது. அந்தப் புகார் எவ்வளவு தூரம் உண்மை என்று பார்ப்போம்.

மார்க்கோ போலோ நம் கடற்கரைக்கு வந்தது 1292 வாக்கில். பாண்டிய நாட்டை ஆண்டது மாறவர்மன் குலசேகர பாண்டியன். அரபிகளும் பாரசீகர்களும் நம் கடற்கரையை 'மாபார்' என்று அழைத்தார்கள். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தருகே இருந்த காயல்தான் பெரிய துறைமுகம். ஹோர்முஸ், கிஷ், ஏடன், தோஃபார் பக்கமிருந்தெல்லாம் கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்கியது. இங்கே ஐந்து அரசர்கள் இருந்தார்கள், அண்ணன் தம்பிகள், ஒவ்வொருவரும் வருஷத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்கினார்கள், ஒரு குதிரையின் விலை 100 மார்க் வெள்ளிக்கும் மேல் என்கிறார் போலோ. அடுத்த வரிதான் அடி. வருஷக் கடைசியில் அந்த 2,000-ல் 100 கூட மிஞ்சாதாம்.

ஏன்? போலோ சொல்லும் காரணம் இரண்டு. ஒன்று, இந்த மக்களுக்குக் குதிரையைப் பராமரிக்கத் தெரியாது. இரண்டு, இந்த நாட்டில் லாடம் அடித்து வைத்தியம் பார்க்கிறவர்கள் கிடையாது. குதிரை வியாபாரிகள் அப்படிப்பட்ட ஆட்களைக் கூட்டி வருவதில்லை. வர நினைக்கிறவர்களையும் தடுத்துவிடுகிறார்கள். குதிரைகள் பிழைத்துவிட்டால் அடுத்த வருஷம் வியாபாரம் எப்படி நடக்கும்?

செல்போனை விற்றுவிட்டு, ஊரில் ஒரு சர்வீஸ் சென்டர் கூட வராமல் பார்த்துக்கொள்கிற மாதிரி!

இது ஒரு ஆளின் கதை என்று தள்ளிவிடலாம் என்று பார்த்தால், வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியரும் கிட்டத்தட்ட இதையே எழுதியிருக்கிறார். ஜமாலுதீன் என்ற பெரும் வியாபாரி வருஷத்துக்கு 1,400 குதிரைகளைப் பாண்டியனுக்கு அனுப்ப ஒப்பந்தம் போட்டிருந்தார். ஒரு குதிரைக்கு 220 தங்க தினார். வழியில் கடலில் செத்துப்போன குதிரைக்கும் அதே விலையை அரசுக் கஜானாவிலிருந்து கொடுத்துவிட வேண்டும். (ஜமாலுதீனின் தம்பி தகியுதீன் பாண்டியனிடமே அமைச்சர். ஒப்பந்தம் ஏன் அப்படி இருந்தது என்று இதற்கு மேல் நான் சொல்ல வேண்டாம்.) செத்த குதிரைக்கும் காசு என்றால், உயிரோடு வைத்திருக்க விற்கிறவனுக்கு என்ன அக்கறை?

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. போலோ காலத்து ஐரோப்பாவில் லாடம் அடிப்பவரும் குதிரை வைத்தியரும் ஒரே ஆள்தான். இத்தாலியில் அவருக்கு 'மனிஸ்கால்கோ' என்று பெயர். பழைய ஜெர்மானிய மொழியில் 'குதிரைப் பணியாள்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. அதே சொல்தான் இன்னொரு பக்கம் வளர்ந்து 'மார்ஷல்' ஆனது. ஃபீல்டு மார்ஷல் பட்டத்தின் பூர்வீகம் குதிரை லாயம்! குதிரையின் கால் எவ்வளவு முக்கியமாக இருந்திருந்தால் அந்த வேலைக்காரர் ராணுவத்தின் உச்சிக்கே போயிருப்பார், யோசித்துப் பாருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். உண்மையிலேயே நம்மிடம் அந்த அறிவு இல்லையா?

ஏட்டில் இருந்தது. சாலிஹோத்திரர் பெயரிலும் நகுலன் பெயரிலும் அசுவ சாஸ்திரங்கள் உண்டு. பாரதத்தில் விராட நாட்டில் ஒளிந்திருந்தபோது நகுலன் குதிரை லாயத்தில்தான் வேலை பார்த்தான். நகுலன் பெயரில் உள்ள நூலைத் தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகம் 1952-ல் அச்சிட்டிருக்கிறது. ஆனால் ஏட்டில் இருப்பது வேறு, குளம்பைத் தொடையில் தூக்கி வைத்துக்கொண்டு கத்தியால் சீவுகிற கை வேறு. லாடம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ச் சொல் 'ல'வில் தொடங்காது என்பது நன்னூல் படித்த எல்லோருக்கும் தெரியும். சொல் வெளியிலிருந்து வந்திருக்கிறது. பொருளும் கூடவே வந்திருக்கலாம். (இன்றைக்கு நமக்கு அந்தச் சொல் அதிகம் பழக்கமானது சினிமா போலீஸ் "லாடம் கட்டிடுவேன்" என்று மிரட்டும்போதுதான்!) நம் ஊரில் மாட்டுக்கு லாடம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கயிறு போட்டுக் கீழே படுக்க வைத்து, பிளவுபட்ட குளம்பின் ஒவ்வொரு பாதிக்கும் ஒரு மெல்லிய தகடு. குதிரையின் ஒற்றைக் குளம்பு முற்றிலும் வேறு சமாசாரம்.

ஆணி வைத்த லாடம் எல்லாக் குதிரைக்கும் கட்டாயம் என்று சொல்லவில்லை. மண் தரையில் வெறுங்காலோடு நன்றாக ஓடும் குதிரைகள் உண்டு. ஆனால் லாடம் போட்டாலும் போடாவிட்டாலும் குளம்பு வளர்ந்துகொண்டே இருக்கும். கட்டிப் போட்டிருக்கும் குதிரைக்குத் தேய்மானம் இல்லை. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை யாராவது சீவிவிட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் முன்பக்கம் நீண்டு, குதிகால் சரிந்து, பாரம் தப்பான இடத்தில் விழும். லாடக்காரர் இல்லை என்றால் இதைச் செய்யவும் ஆள் இல்லை என்று அர்த்தம்.

இப்போது வஸ்ஸாஃப் சொல்லும் இன்னொன்றைக் கவனியுங்கள். புதிதாக வந்த குதிரைகளை 40 நாள் முளை அடித்துக் கயிற்றில் கட்டி, கொழுக்க வைப்பார்களாம். வறுத்த பார்லி, நெய்யில் செய்த தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால். அப்புறம் எந்தப் பழக்கமும் கொடுக்காமல் வீரர்கள் ஏறி அமர்ந்து பேய் மாதிரி ஓட்டுவார்கள். காற்றாய் வந்த குதிரைகள் கொஞ்ச நாளில் மந்தமாகி ஒன்றுக்கும் உதவாமல் போய்விடும்.

இதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது 'லாமினைட்டிஸ்'. இது என்னுடைய ஊகம்தான். செத்த குதிரைக்கு 700 வருஷம் கழித்து மருத்துவச் சான்றிதழ் கொடுக்க முடியாது. ஆனால் பொருத்தத்தைப் பாருங்கள். குளம்புக்குள்ளே இருக்கும் எலும்பு, குளம்புச் சுவரோடு ஆயிரக்கணக்கான மெல்லிய இதழ்களால் பிணைந்திருக்கிறது, வெல்க்ரோ மாதிரி. குதிரையின் மொத்த எடையும் அந்தப் பிணைப்பில்தான் தொங்குகிறது. நார்த் தீவனத்துக்குப் பழகிய குதிரைக்குத் தானியத்தை அள்ளிக் கொட்டினால் குடலில் நடக்கும் ரகளை கடைசியில் காலில் வந்து முடியும். இதழ்கள் வீங்கும், பிணைப்பு விடும், எலும்பு கீழே சரியும். பழைய கிரேக்கர்கள் அதிகத் தானியத்தால் குதிரைக்கு வரும் கோளாறுக்குப் 'பார்லி நோய்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். பாண்டியன் வீட்டுச் சேவகர்கள் கொடுமை செய்யவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் செய்கிற மாதிரி நெய்யும் பாலும் கொடுத்திருக்கிறார்கள்!

போலோ சொல்லும் இன்னொரு விஷயமும் உண்டு. நல்ல ஆண் குதிரையையும் நல்ல பெண் குதிரையையும் சேர்த்தாலும் இங்கே கால் கோணிய குட்டிதான் பிறக்கிறதாம். தீவனம், இறைச்சியோடு வேகவைத்த அரிசி. அரிசியிலும் தவிட்டிலும் சுண்ணாம்புச் சத்து குறைவு, பாஸ்பரஸ் அதிகம். அதையே தின்று வளர்ந்தால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்க ஆரம்பிக்கும்; ஒரு நாள் இந்தக் கால், ஒரு நாள் அந்தக் கால் என்று நொண்டும். இன்றைக்குக் கால்நடை மருத்துவத்தில் இது தெரிந்த நோய். போலோவுக்கு அது நாட்டின் தட்பவெப்பக் குறையாகப் பட்டது.

இத்தனைக்கும் எல்லாப் பழியையும் காலின் மேல் போடுவது நியாயமில்லை. வெயில், கடல் பயணம், ஈ கடித்துப் பரவும் 'சுர்ரா' என்ற ரத்த நோய் எல்லாம் சேர்ந்துதான் கொன்றிருக்கும். சுர்ராவின் கிருமியையே கிரிஃபித் எவான்ஸ் 1880-ல்தான் கண்டுபிடித்தார்.

அந்த லாடக்காரர் மட்டும் வந்திருந்தால் என்ன செய்திருப்பார்? நோய்க்கு ஏற்ற லாடம் அடிப்பது இன்று தனிக்கலை. முதலில் மருத்துவர் குதிரையை நேராக ஓடவிட்டுப் பார்க்கிறார். குளம்பில் சூடு இருக்கிறதா, மேலே நாடி துள்ளுகிறதா என்று தொட்டுப் பார்க்கிறார். இடுக்கி மாதிரி ஒரு கருவியால் குளம்பை இடம் இடமாக அழுத்துகிறார். பல சமயம் உள்ளே சீழ் கட்டியிருக்கும். திறந்துவிட்டு, கட்டுப் போட்டு, டெட்டனஸுக்குப் பாதுகாப்புக் கொடுத்தால் சில நாளில் நடந்துவிடும். (குதிரைக்கு டெட்டனஸ் மிகச் சுலபமாக வரும்.) இடம் பிடிபடவில்லை என்றால் காலின் கீழிருந்து மேலாக ஒவ்வொரு நரம்பாக மரத்துப்போக ஊசி போட்டு, எந்த ஊசிக்கு நொண்டல் நிற்கிறது என்று பார்ப்பார்கள். அப்புறம் எக்ஸ்ரே. அதைக் கையில் வைத்துக்கொண்டு லாடக்காரரோடு பேசுவார்கள். குதிகால் வலி என்றால் பின்பக்கம் திறந்த லாடத்துக்குப் பதில் முட்டை வடிவில் மூடிய லாடம், பாரத்தைப் பின்னால் தாங்க. லாமினைட்டிஸ் என்றால் முன்பக்கத்தைச் சீவி, குளம்பின் நடுவில் உள்ள மெத்தைப் பகுதியைத் தாங்கும் இதய வடிவ லாடம். கூடவே தானியத்தை நிறுத்தி, காலை ஐஸில் வைத்து, வலி மருந்து கொடுத்து, மெத்தென்று மண் பரப்பிய தரை. ஆணி ஒரு நூல் உள்ளே போனாலும் புது நொண்டல் ஆரம்பமாகிவிடும்.

எல்லாம் செய்தும் தோற்பதுண்டு. 1973-ல் அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்ற செக்ரடேரியட், 1989-ல் லாமினைட்டிஸால்தான் கருணைக்கொலை செய்யப்பட்டது. 2006-ல் கென்டக்கி டெர்பியை வென்ற பார்பரோவும் கால் முறிவுக்குப் பிறகு அதே நோயில் 2007-ல் போனது. அங்கே பணமும் இருந்தது, ஆளும் இருந்தது. பாண்டியன் மேல் எனக்கிருந்த கோபம் இங்கே பாதியாகக் குறைந்தது.

படித்த குதிரை மருத்துவர் இந்தியாவுக்கு வர ரொம்ப காலம் ஆனது. பிரான்சின் லியோன் நகரக் கால்நடைப் பள்ளியில் படித்த வில்லியம் மூர்கிராஃப்ட் 1808-ல் கம்பெனியின் பூசா குதிரைப் பண்ணைக்கு வந்தார். லாடத்தைப் பற்றி 1800-லேயே புத்தகம் போட்டவர். இயந்திரத்தில் லாடம் செய்யக் காப்புரிமை வாங்கி நஷ்டப்பட்டவரும் கூட. நம் பக்கம் ஓசூரில் 1824-ல் கம்பெனி ராணுவத்துக்காகக் குதிரைப் பண்ணை போட்டது. அதுதான் பிற்பாடு கால்நடைப் பண்ணை ஆனது. சென்னைக்குக் கால்நடைக் கல்லூரி வந்தது 1903 அக்டோபரில், வேப்பேரியில் 'டாபின் ஹால்' என்ற கட்டடத்தில். ஆங்கிலத்தில் வண்டிக் குதிரையைச் செல்லமாக டாபின் என்றுதான் கூப்பிடுவார்கள், என்ன பொருத்தம் பாருங்கள்! வாசலைத் தாண்டி வந்தால் பூந்தமல்லி நெடுஞ்சாலை. பஸ்ஸும் ஆட்டோவும் வருவதற்கு முன்னால் ஜட்கா வண்டிகள் ஓடிய ஊர் இது. போலோ இல்லை என்று சொன்ன ஆட்கள் ஒருவழியாக அந்தச் சாலையோரமே வந்து சேர்ந்திருந்தார்கள், 600 வருஷம் தாமதமாக.

ஜட்கா போய்விட்டது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் குதிரை என்றால் இப்போது பெரும்பாலும் கல்யாண ஊர்வலம்தான். தார் ரோடு, பட்டாசு, ஜெனரேட்டர் லைட். ஆவடியிலிருந்து வேப்பேரி ஆஸ்பத்திரி 20 கிலோமீட்டர் சொச்சம். நொண்டுகிற குதிரையை நடத்திக்கொண்டு போக முடியாது, வண்டி பிடிக்க வேண்டும். ஒரு முகூர்த்தம் போனால் ஒரு நாள் கூலி போச்சு. குதிரைக்காரர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அன்றைக்கு அவர் ஊர்வலம் முடிகிற வரை குதிரையை விட்டுத் தள்ளி நிற்கவே இல்லை. கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். அவருக்குத் தெரிந்துதான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் வளரும். மேலே முடி முடிகிற இடத்தில் புதிதாக முளைக்கும் குளம்பு, முன்பக்கம் தரையைத் தொடக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகும். அந்த வெள்ளைக் குதிரைக்கு நாளைக்கே நல்ல லாடக்காரர் கிடைத்தாலும், புதுக் குளம்பு முழுசாக வந்து அது சரியாக நடக்க அடுத்த கல்யாண சீசன் வந்துவிடும்.